முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது?

கேள்வி

ஆன்லைனில் கோடிங் தேர்வு எழுதும் பிள்ளைகள் எனக்கு மெயில் போட்டுத் திட்டுவார்கள். "மேடம், கேள்வியில் இதைச் சொல்லவே இல்லையே, நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?" என்று ஒருவர். "இந்தக் கேள்வியை எழுதியவர் மட்டும் என் கையில் கிடைத்தால்..." என்று இன்னொருவர். அதற்கு மேல் அச்சில் ஏற்ற முடியாது. அந்தக் கேள்விகளைப் படித்துப் பார்த்து வெளியே விடுவது என் வேலை. ஆகவே திட்டு எனக்குச் சேர வேண்டியதுதான், வாங்கிக்கொள்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு வந்தது ராங் ஆன்சர். எனக்குச் சரியான பதில் வந்தது. அதனால் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். ஓசூர் ரோடு முழுக்க மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே எம்.சி.ஏ. முடித்து, வேலை தேடி பெங்களூர் வந்தவள். விவேக் நகரில் ஒரு பிஜி விடுதியில் நாலு பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். என் பெயர் தமிழ்ச்செல்வி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதனாலும் ஒரு வம்பு வந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி புதுமுகங்களை எடுத்தது. அங்கே பேப்பரும் பேனாவும் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதி சப்மிட் பண்ண வேண்டும். மெஷினே திருத்தும். சரி என்றால் பச்சையில் 'அக்செப்டட்', தப்பு என்றால் சிவப்பில் 'ராங் ஆன்சர்'. என்ன தப்பு, எங்கே தப்பு, ஒரு வார்த்தை சொல்லாது. கட்டையால் மண்டையில் அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி. எத்தனை முறை வேண்டுமானாலும் சப்மிட் செய்யலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மூன்று கேள்விகள். முதலாவது எல்லோரும் போடக்கூடியது. இரண்டாவது எனக்குப் பாதிதான் வந்தது. மூன்றாவதற்குத்தான் மதிப்பெண் அதிகம். அந்த மகா கேள்வியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஒரு வகுப்பு மாணவர்களின் பெயரும் ஐந்து பாடங்களின் மதிப்பெண்களும் தரப்பட்டுள்ளன. பள்ளிகளில் வழக்கமாகச் செய்வது போல் ரேங்க் போட்டு, ரேங்க் பெற்றவர்களின் பெயர்களை ரேங்க் எண்ணோடு வரிசையாக அச்சிடுக."

பள்ளிகளில் வழக்கமாகச் செய்வது போல்! எந்தப் பள்ளியில் ஐயா? இரண்டு பேர் ஒரே மொத்தம் வாங்கி முதல் ரேங்க் எடுத்தால் அடுத்தவனுக்கு இரண்டா, மூன்றா? எங்கள் பள்ளியில் இரண்டு என்றுதான் போடுவார்கள். அப்படிப் போட்டேன். ராங் ஆன்சர். திரையில் சந்தேகம் கேட்க ஒரு பெட்டி இருந்தது. கேட்டேன். "கேள்வியைக் கவனமாகப் படிக்கவும்" என்று பதில் வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. படித்ததனால்தானே கேட்கிறேன்! இருக்கும் நாலு வரியை இன்னும் எப்படிக் கவனமாகப் படிப்பது, பூதக்கண்ணாடி வைத்தா? சரி போ என்று இரண்டை மூன்றாக்கிப் போட்டேன். அக்செப்டட்.

எனக்குப் பக்கத்து சீட்டில் ரூபா என்று ஒரு பெண். தாவணகெரேக்காரி. இரண்டாவது கேள்வியை முழுசாகப் போட்டுவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு என்று போட்டாள், மூன்று என்று போட்டாள், வரிசையைத் திருப்பிப் போட்டாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சந்தேகப் பெட்டியில் கேட்டாள், அவளுக்கும் அதே 'கவனமாகப் படிக்கவும்'தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஏனு தப்பு இதரல்லி? ஹேளி!" என்றாள். என்ன தப்பு என்று என்னைக் கேட்டால் நான் எப்படிச் சொல்வது, பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

தனி அறை

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பன்னிரண்டு பெயர்களை வாசித்து, "இவர்கள் மட்டும் மேல் மாடிக்கு வரவும்" என்றார்கள். என் பெயரும் இருந்தது. மாடிப்படியிலேயே அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா குடியாத்தத்தில் டெய்லர், கடையில்தான் இருந்தார்.

"அப்பா, தேறிட்டேம்பா! மேல கூப்ட்டுட்டாங்க."

"இன்னாம்மா சொல்ற, நெஜமாவா? இரு இரு, பக்கத்துக் கடைல சொல்லிட்டு வரேன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு ஓடியது எனக்குக் கேட்டது. என் ப்ரீபெய்டில் காசு போய்க்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே கட் செய்தேன்.

அறையில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம். நீ எந்த ஊர், நான் தஞ்சாவூர், நீ எந்த ஊர், நான் கோவில்பட்டி. ஒரே கும்மாளம். ஒருவன், "பாத்தியா, பெங்களூரு வந்தும் நம்மாளுங்கதான்டா!" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அப்போதுதான் எல்லோருமே தமிழ்நாடு என்பது உறைத்தது. முகேஷ் ஜெயின் என்று ஒருவன் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். வடநாட்டுப் பையன் போலிருக்கிறது, பாவம், நாம் பேசுவது புரியாது என்று நினைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு செக்யூரிட்டி வந்து எங்கள் செல்போன்களை எல்லாம் ஒரு ட்ரேயில் வாங்கிக்கொண்டு போனார். வெளியே இருந்து கதவைச் சாத்தினார். காலரைத் தூக்கிவிட்டவன் அதை மெல்லக் கீழே இறக்கினான்.

முகேஷை மட்டும் தனியாகக் கூப்பிட்டு வேறு அறையில் உட்கார வைத்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை

உள்ளே இரண்டு பேர். எச்.ஆர். மேனேஜர் ஷைலஜா மேடம், பெங்களூர்க் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். இன்னொருவர் டெக்னிக்கல் ஹெட் மெஹ்ரா, டில்லிக்காரர். அவரோடு பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

மெஹ்ரா என் புரோகிராமை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒரு வரியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"இந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "பாஸ் மார்க், சார்" என்றேன்.

"யார் சொன்னது? கேள்வியில் முப்பத்தைந்து என்ற எண்ணே இல்லை. ஃபெயில் என்ற வார்த்தையே இல்லை. ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவனுடைய பெயரையே நீ தூக்கிவிட்டிருக்கிறாய். ஏன்?"

"சார், ஃபெயில் ஆனவனுக்கு எப்படி சார் ரேங்க் போடுவாங்க?"

"ஏன் போடக் கூடாது? கடைசி ரேங்க் போட வேண்டியதுதானே?"

நான் ஷைலஜா மேடத்தைப் பார்த்தேன். இவர் விளையாடுகிறாரா என்ன? ஃபெயில் ஆனவனுக்கு ரேங்க்கா! எங்கள் பள்ளியில் நாலு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி ஒன்றில் முப்பத்து நாலு வாங்கினாலும் ரேங்க் கார்டில் ஒரு கோடுதான் இழுப்பார்கள். கோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அப்பா கையில் அளவு ஸ்கேலை எடுப்பார். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று இருபத்து மூன்று வயது வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டெக்னிக்கல் ஹெட்டுக்குத் தெரியாதா?

"நோடம்மா" என்றார் ஷைலஜா மேடம். "சுள்ளு சொல்லாம நிஜம் சொல்லு. எத்தனையோ பேர் எழுதினாங்க. மூணாவது கேள்வி தேறினது பன்னண்டு பேர். அதுல பதினோரு பேர் தமிழ்நாடு. உன் பேர்லயே தமிழ் இருக்கு. கேள்வி செட் பண்ணின செந்தில்குமாரும் தமிழ்நாடு. பன்னண்டு பேர் கோட்லயும் முப்பத்தஞ்சு. கேள்வில இல்லாத நம்பர் எல்லார் தலைக்குள்ளயும் எப்படிம்மா வரும்? செந்தில் யார் யாருக்கு மெயில் போட்டான், அத சொல்லிடு போதும்."

லீக் ஆகிவிட்டது என்கிறார்கள்! நான் காப்பி அடித்தேன் என்கிறார்கள்! பரீட்சையில் பக்கத்துப் பெண் பேனா கேட்டால்கூட டீச்சரைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற பயந்தாங்கொள்ளி நான்.

"மேடம், செந்தில்குமார் யாருன்னே எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. லீக் ஆயிருந்தா நான் ஏன் மேடம் மொதல்ல தப்பா போட்டேன்? ரெண்டா மூணான்னு சந்தேகம் வேற கேட்டிருக்கேன், பாருங்க."

மேடம் அதை மெஹ்ராவிடம் சொன்னார். "புத்திசாலித் திருடர்கள் அப்படித்தான் ஒரு தப்புப் போட்டுக் காட்டுவார்கள்" என்றார் அவர். சரியாகப் போட்டாலும் திருடி, தப்பாகப் போட்டாலும் திருடி. என்ன நியாயம் இது!

அவர் நிதானமாகச் சொன்னார். "இன்று மாலைக்குள் உண்மை வரவில்லை என்றால் உங்கள் கல்லூரிக்குத் தகவல் போகும். மற்ற கம்பெனிகளுக்கும் பெயர் போகும்."

வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடலாம். பெயர் போனால்? தமிழ்ச்செல்வி காப்பி அடித்தாள் என்று நான் படித்த கல்லூரிக்கே கடிதம் போனால் குடியாத்தத்தில் அப்பா எப்படிக் கடை திறப்பார்? மகள் தேறிவிட்டாள் என்று அவர் சொல்லி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை, அழுதுவிட்டேன்.

முகேஷ்

"அந்த ஜெயின் பையனைக் கூப்பிடுங்கள்" என்றார் மெஹ்ரா. "அவன் இந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் எப்படிப் போட்டான் என்று கேட்போம்." என்னைப் போகச் சொல்ல மறந்துவிட்டார்கள். மூலையில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

முகேஷ் வந்தான். மெஹ்ரா சிரித்த முகமாக இந்தியில் ஆரம்பித்தார். முகேஷும் இந்தியில் பதில் சொன்னான், கொஞ்சம் தட்டுத் தடுமாறி. முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவன் முகம் என் முகம் போனது போலவே போனது. இந்தி அவனுக்கு அதற்குமேல் கைகொடுக்கவில்லை. ஷைலஜா மேடத்தின் பக்கம் திரும்பி, அசல் விழுப்புரத்துத் தமிழில் கொட்டினான்.

"இன்னா மேடம் இது, பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதானே? ஒரு சப்ஜெக்ட்ல போனாலும் ரேங்க் கெடயாதுல்ல? எய்த்ல சோஷியல்ல முப்பது வாங்கி எனக்கு ரேங்க் போடல மேடம், எங்கப்பா அடகுக் கடைல எல்லார் முன்னாடியும் பெல்ட்டால அடிச்சாரு!"

ஷைலஜா மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ தேவரே! நீ தமிழா?"

"எங்க தாத்தா காலத்துலேந்து விழுப்புரம் மேடம். ஊட்ல மார்வாடி பேசுவோம். ஸ்கூலு எல்லாம் அங்கதான், காலேஜி மட்டும் பெங்களூரு."

ஷைலஜா மேடம் மெஹ்ராவிடம் விளக்கினார். கேட்கக் கேட்க அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அப்படியென்றால் ஃபெயிலான பையன் எத்தனையாவது?" என்று கேட்டார். நானும் முகேஷும் ஒரே நேரத்தில், "ஆவதே கிடையாது சார்" என்றோம்.

"கடவுளே" என்றார் அவர். அரண்டுபோய்விட்டார் மனிதர். அவருடைய பள்ளியில் கடைசிப் பையனுக்கும் ஓர் எண் உண்டாம். ஷைலஜா மேடத்தின் பள்ளியிலும் அப்படித்தானாம். எனக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சியோ, அவர்களுக்கு இது அவ்வளவு பெரிய அதிர்ச்சி. மீதிப் பேரையும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார்கள். எல்லோரும் அதே பதிலை, அதே ஆச்சரியத்தோடு சொன்னார்கள். செந்தில்குமார் ஈரோட்டுப் பக்கம், அங்கேயே பள்ளி. ஃபெயிலுக்கு ரேங்க் இல்லை என்று எழுத வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. மனுஷனுக்கு இரண்டு கால் என்று யாராவது எழுதிக் காட்டுவார்களா?

ஷைலஜா மேடம் என் தோளைத் தட்டினார். "உன் மேல தப்பில்லம்மா. பேஜார் பட்டுக்காத." போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் காபி வந்தது. எனக்கு அந்தக் காபி தேவாமிர்தமாக இருந்தது.

புதுப் பட்டியல்

ஒரு மணி நேரம் கழித்துப் புதுப் பட்டியல் வந்தது. மூன்றாவது கேள்வி ரத்து. முதல் இரண்டு கேள்விகளை வைத்து மட்டும் ஆள் எடுப்பு. முகேஷ் மூன்றையும் போட்டவன், அவன் இருந்தான். கீழே கேன்டீனில் காத்திருந்த ரூபா இருந்தாள். என் பெயர் இல்லை.

நான் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். பிறகு வெட்கம் மானம் பார்க்காமல் மெஹ்ராவின் அறைக்குப் போனேன்.

"என் மேல தப்பில்லைன்னு சொன்னீங்களே சார்? என் பதில் சரின்னு உங்க மெஷினே சொல்லிச்சே சார்?"

அவர் கோபப்படவில்லை. "நீ தப்பு செய்யவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுத்துக்கு எழுத்து படித்துப் போட்டவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். நீ கேள்வியில் இல்லாததைப் போட்டு ஜெயித்திருக்கிறாய். இதை வைத்து நான் எப்படி ஆள் எடுப்பேன், சொல்" என்றார்.

ரூபா மானிட்டரைக் கும்பிட்டது கண் முன்னால் வந்தது. அவள் செய்தது என்ன தப்பு? ஒரு மண்ணும் இல்லை. நானும் அவளும் ஒரே கேள்வியைத்தான் படித்தோம். அவள் தாவணகெரேயில் படித்தாள், நான் குடியாத்தத்தில் படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆத்திரம் ஒரு பக்கம், அந்த மனிதர் சொல்வது நியாயம் என்று உள்ளே ஒரு குரல் இன்னொரு பக்கம். நியாயம் என்று தெரிந்துவிட்டால் ஆத்திரம் இன்னும் அதிகமாகிறது, அதை என்ன செய்ய?

கேட்டுக்கு வரும்போது ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும், ஐ.டி. கார்டை சட்டைப் பைக்குள் திணித்திருந்தார். "ஏனுங்க, ஒரு நிமிஷமுங்க. நான் செந்தில்குமாருங்க" என்றார். அவருக்கு வேலை போகவில்லை. ஆனால் முகம் செத்துப் போயிருந்தது.

"உங்களுக்கு இப்பிடி ஆயிப்போச்சுங்களே. இத்தன பேர்ல நீங்க கொஞ்சப் பேர்தானுங்க என்ர கேள்விய சரியாப் புரிஞ்சுகிட்டது."

எனக்கு வந்ததே கோபம். "சார், உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கவே இல்ல சார். ரேங்க்ன்னு பாத்ததும் எங்க ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன். உங்க கேள்விய ஒழுங்காப் படிச்சது என் பக்கத்து சீட்ல இருந்த பொண்ணு. அவ கேட்டதுக்கும் 'கவனமாகப் படிக்கவும்'னு நீங்கதானே சார் பதில் போட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தானுங்க" என்றார்.

பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்தேன், பல வேலை பார்த்தேன், கடைசியில் கேள்வி பார்க்கும் இந்த வேலைக்கே வந்து சேர்ந்தேன். கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. நமக்கு ரொம்பத் தெரிந்ததைத்தான் நாம் எழுதாமல் விடுவோம், நாமே எத்தனை முறை படித்தாலும் அது நம் கண்ணில் படாது. அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் என்னோடு எதிலும் ஒத்துப்போகாத ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து முதலில் அவரிடம் கொடுக்கிறேன். அவர் சந்தேகம் கேட்டால் கேள்வியைக் கவனமாகப் படி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் பிறகு. அன்றைக்கு சாயங்காலம் சில்க் போர்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறாமல், புழுதியில் நின்றுகொண்டு அப்பாவுக்கு போன் போட்டேன். விசாரணை, திருடி என்று சொன்னது எதையும் சொல்லவில்லை. வேலை இல்லை என்பதை மட்டும் சொன்னேன்.

"தேறிட்டேன்னு சொன்னியேம்மா? தெருவுக்கெல்லாம் சொல்லி, பக்கத்துக் கடைக்கு எல்லாம் டீ வாங்கிக் குடுத்தேனே."

"தேறிட்டேம்பா. அப்பறம் அந்தக் கேள்வியவே எடுத்துட்டாங்க."

"நீ எழுதனது சரியா, தப்பா?"

"சரிதாம்பா."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"சரி வுடு. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"இன்னான்னுப்பா சொல்லுவ?"

"கேள்வி ஃபெயிலாயிடுச்சு, எம்பொண்ணு பாஸுன்னு சொல்றேன்" என்றார் அப்பா.